மணல் பாத்தியில் அஞ்சலை அக்காவின் பருத்தி

புதன்கிழமை காலை புந்தோங்கிலிருந்து சேகர் மோட்டார் சைக்கிளில் வந்தான். "அம்மா போயிட்டாங்க மாமா. தேத்தண்ணி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சாங்க, அவ்வளவுதான். கஷ்டப்படலே" என்றான். ஓராண்டாக மூச்சுக்குப் போராடியவர் அஞ்சலை அக்கா. துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது ஆறுதல்தான். அதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் பருத்திச் சோதனைத் தோட்டத்தில் அவரோடு வெயிலில் நின்றவர்கள்.

எழுபதுகளின் நடுவில் ஈப்போவுக்கு வெளியே இருந்தது அந்தத் தோட்டம். அக்கா அதுவரை ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர். எஸ்டேட் துண்டு துண்டாக விற்கப்பட்டு வேலை போனதும் இங்கே தினக்கூலியாகச் சேர்ந்தார். கணவர் இல்லை, சேகர் அப்போது பள்ளிக்கூடத்தில். மலராத மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளைக் களைந்து, மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி நூல் கட்டுவது அவர் வேலை.

அப்படி அவர் கலந்த விதையில் பாதியை, ஈயம் தோண்டி எடுத்துக் கைவிட்ட மணல் நிலத்தில் விதைத்தோம். தாய்ச் செடியும் தகப்பன் செடியும் நல்ல மண்ணில் நெஞ்சளவு வளர்ந்தவை. பிள்ளைகளோ முழங்காலைத் தாண்டவில்லை. காய்கள் சுண்டைக்காய் போலிருந்தன. செடிகளை அளவெடுக்கும் வேலையிலிருந்த நான், கலப்பில் பிழை நேர்ந்திருக்கலாம் என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். தோட்ட அதிகாரி அதைப் படித்து, அடுத்த வாரத்திலிருந்து அக்கா வர வேண்டாம் என்றார்.

அக்கா அழவில்லை. அதிகாரியையும் என்னையும் மணல் பாத்திக்கு அழைத்துப் போனார்.

"இலையப் பாருங்க சார். தாய்க்கு வெண்டி இலை மாதிரி ஆழமா வெட்டு. தகப்பனுக்கு அகல இலை. இதுக எல்லாமே நடுவாந்தரம். மகரந்தம் மாறியிருந்தா இப்படி வருமா? வெட்டு பெத்தவங்க குடுத்தது. குட்டையா போனது இந்த மண்ணால லா. மிச்ச விதைய நல்ல மண்ணுல போடுங்க. அப்பவும் வளரலேன்னா நானே போயிடுறேன்."

அதுவரை இருக்கட்டும் என்றார் அதிகாரி.

காத்திருந்த நாட்களில் அக்கா எப்போதும்போலத்தான் பேசினார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்ல மண்ணில் போட்ட மிச்ச விதை மூன்றாம் மாதம் என் நெஞ்சளவுச் செடிகளாக நின்றது. இலை மட்டும் மணலில் கண்ட அதே இலை. அதிகாரி வரிசை முழுதும் நடந்துவிட்டு வந்து, "தப்பு எங்க மேலதாம்மா" என்றார்.

அன்று மதியம் நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "தாயையும் தகப்பனையும் அதே மணல்ல நட்டிருந்தா ஒனக்கே தெரிஞ்சிருக்கும் தம்பி. சரி, சாப்டியா?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம். இன்று என் கீழே சிலர் வேலை செய்கிறார்கள். யார்மீதும் குறை எழுதுவதற்கு முன் அந்த ஆளையே கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போகிறேன். பெரும்பாலும் எழுத ஒன்றுமில்லாமல் இருவரும் பேசிக்கொண்டே திரும்பி வருகிறோம்.