சாமியிடம் கேட்ட குத்துச்சண்டை

ராஜபாளையத்தில் மில் வாசல் டீக்கடையில் எனக்குச் சம்பளமில்லாத ஒரு வேலை இருந்தது. ஒருநாளும் மோதப் போகாத இரண்டு குத்துச்சண்டைக்காரர்களில் யார் ஜெயிப்பான் என்று தீர்ப்புச் சொல்வேன். மில் ஆபீஸுக்கு வரும் இங்கிலீஷ் பேப்பர் பழசானதும் என் கைக்கு வரும். அதில் படம் பார்த்த தைரியத்தில் அளந்து விடுவேன். அந்தக்கால அமெரிக்க சாம்பியனும் இப்போதைய சாம்பியனும் மோதினால், பழையவன் எட்டாவது ரவுண்டில் காலி. இடது கையைத் தாழ்த்தியே வைத்திருப்பான் அவன். நானே அவனை அடித்துச் சாய்த்ததுபோல் சொல்வேன்.

மில்லில் என்னோடு வேலை பார்த்த சிநேகிதனுக்குப் பழையவன்தான் உசத்தி. பேச்சு முற்றி, நாங்கள் பேசிக்கொள்வதே நின்றுபோனது. கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான்.

"ஏலே, அய்யனார்கிட்ட பூக்கட்டிக் கேட்டுருவோம்."

கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் பூக்கட்டிக் கேட்கிற ஊரில், எங்களுக்கு இது பெரிய வேடிக்கையாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவிலுக்குப் போனோம். பழையவனுக்கு வெள்ளைப் பூ, புதியவனுக்குச் சிவப்பு. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, சந்நிதிப் படியில் வைத்தோம். பூசாரி அங்கே இல்லை. எடுக்கிற பொட்டலத்தில் எந்தப் பூவோ அதுதான் சாமி வாக்கு; எடுக்க ஒரு சின்னப்பிள்ளை வேண்டுமே என்று கோவிலை ஒட்டிய அருவிப் பக்கம் தேடிப் போனோம். பிள்ளை அகப்படவில்லை; போன இடத்தில் ஒரு குளியல்தான் போட்டோம்.

திரும்பி வந்தால், சந்நிதியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். தளவாய்புரத்துக்காரி. புருஷன் வயிற்றுக் கட்டியோடு வெளியே மரத்தடியில் சுருண்டு படுத்திருந்தார். மதுரை ஆஸ்பத்திரியில் அறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளை வந்தால் அறுப்பது, சிவப்பு வந்தால் வேண்டாம். அவளுடைய சின்ன மகள் எடுத்த பொட்டலத்தில் சிவப்பு. பூவும் இலையுமாகக் கிடந்த படியில், பூசாரி எங்கள் பொட்டலங்களைக் கவனிக்காமல் பக்கத்திலேயே அவளுடையதையும் வைத்திருக்கிறார். எல்லாம் ஒரே மாதிரி வாழையிலை மடிப்பு.

"இதுல ரெண்டு எங்களது," என்றேன்.

"நீங்க என்னத்துக்குக் கேட்டீக?" என்றார் பூசாரி.

"அமெரிக்காவுல ரெண்டு பேரு... குத்துச்சண்டை..."

"அடிச்சுக்கிடுதாகளா?"

"இல்ல. ஒருத்தருக்கு வயசாயிருச்சு. அடிச்சுக்கிட்டா யாரு ஜெயிப்பாகன்னு..."

டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசியது அங்கே இவ்வளவுதான் வந்தது. ஈரத்துண்டோடு நின்ற எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சிநேகிதன் வேறு, "இவன்தான் யாரு ஜெயிப்பான்னு ஊருக்கே சொல்லுதவன்," என்று கைகாட்டிவிட்டான்.

"எது யாருதுன்னு இனி எப்படிச் சொல்ல? ஒரு காரியத்துக்கு ஒருதரம்தான் சாமிய கேக்கணும்," என்று பூசாரி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்களே சொல்லுங்கண்ணே. அறுத்தா அவிய பொழைப்பாகளா?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். செத்த நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறவு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

"எந்திரிங்க. மதுரைக்கே போவோம்," என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

அவர் பிழைத்தாரா, தெரியாது. தளவாய்புரம் ஒன்றும் சீமையில் இல்லை. போய்க் கேட்க எனக்குத்தான் முகமில்லை.