கண்டல் பூவைப் பிடித்தவர்

சித்திரை மழை விட்ட ஒரு ஞாயிறு. படமெடுக்கும் ஆசையுள்ள நாங்கள் சிலர் வெள்ளவத்தையிலிருந்து வாடகைக்கு ஒரு பஸ் பிடித்து, நீர்கொழும்புப் பக்கம் கடலோரக் கண்டல் காட்டுக்குப் போனோம். வழியில் கொச்சிக்கடையில் ஒரு அம்மா ஏறினார். நரைத்த கொண்டை, வெளிறிய நீலச் சேலை. வலது கை ஓயாமல் நடுங்கியது. படமெடுக்கும்போது கன்னம் உப்ப மூச்சை அடக்கிக்கொள்வார்.

காடு பூத்துக் கிடந்தது. விரல்நகமளவு வெள்ளைப் பூ ஒன்றை அவர் போனில் எடுத்தார். எத்தனை முறை எடுத்தும் படம் கலங்கியே வந்தது.

"தாங்கோ அம்மா, நான் எடுத்துத் தாறன்," என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. நீங்க எடுத்தா அது உங்கட படமெல்லோ?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கண்டல் வேரில் முழங்கையை அழுத்தி ஊன்றி, மூச்சை அடக்கினார். பஸ் டிரைவர் ஹோர்ன் அடித்தார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தேனீ ஒன்று வந்து பூவில் உட்கார்ந்தது.

"வந்திட்டுது!" என்று காடே அதிரக் கத்தினார்.

படத்தில் தேனீயின் காலில் ஒட்டிய மகரந்தம்கூடத் தெளிவாக இருந்தது. முழங்கால்வரை சேற்றோடு ஓடிப்போய் முதலில் டிரைவரிடம்தான் நீட்டினார்.

"மல்லி, மேக்க மம கத்தே!" தம்பி, இது நான் எடுத்தது என்று சிங்களத்தில் சொன்னார். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, போனை இரு கைகளாலும் வாங்கிப் பார்த்தார். பஸ்ஸே கைதட்டியது.

அவர் பெயரை நான் கேட்கவேயில்லை. அன்று நான் எடுத்த படங்களில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அந்தத் தேனீயை மட்டும் இன்றும் அப்படியே வரைந்து காட்டுவேன்.