காசுமாலையில் ஒரு பாண்டா

போன மாதம் என் வீட்டுக்காரர் ஒரு தங்கக் காசை வாங்கிவந்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு யானை. "திறக்காத, கைரேகை பட்டா போச்சு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சித்தப்பாவிடம் பட்ட பாடு போதாதா?

சித்தப்பாவுக்கு வளைகுடாவில் வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் எங்கள் ஊரான நெய்யூருக்கு வருவார். மற்றவர்கள் மனைவிக்கு வளையலும் மகளுக்குச் சங்கிலியும் கொண்டுவந்தால், இவர் காசு கொண்டுவருவார். செலவழிக்கிற காசு இல்லை; வெளிநாடுகளில் சுத்தத் தங்கத்தில் அடித்து விற்கிற காசு. வருஷத்துக்கு ஒரு படம் மாறும். இந்த வருஷம் மூங்கில் தின்னும் பாண்டா அடுத்த வருஷம் குட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும். கங்காருக் காசின் மறுபக்கம் இங்கிலாந்து ராணியின் தலை. வந்த அன்றே வெள்ளைத் துணி விரித்து, கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் மாதிரி கண்ணில் லென்சை வைத்து உட்கார்ந்துவிடுவார். அழகில்லை என்று சொல்ல மாட்டேன். பின்னால் தங்கம் கண்ணாடியாக மின்ன, மிருகத்தின் ரோமம் மட்டும் மங்கலாக எழும்பி நிற்கும். "ராணிக்க தாடைய பாத்தியா மக்கா? பழைய காசுல இந்தச் சுருக்கம் கெடையாது" என்பார். ராணிக்கு வயதானதைக் கண்டுபிடித்த மனிதருக்குத் தன் மகள் எத்தனையாம் வகுப்பு என்று தெரியாது. அவள் மார்க் ஷீட்டை நீட்டிக்கொண்டு நிற்பாள். "அங்க வச்சிட்டுப் போ, வெளிச்சத்த மறைக்காத." கடைசியில் அதை நான்தான் வாங்கிப் பார்ப்பேன்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நகைப் பேச்சு வந்தது. "அதான் காசு கெடக்கே, எல்லாம் எனக்க மவளுக்குத்தான்" என்று ஃபோனில் சொன்னார் சித்தப்பா. சித்தி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் தங்கக் காசும் கல்யாணப் பெண்ணும் ஒரு வீட்டில் இருந்தால் அடுத்தது காசுமாலைதானே. ஆசாரியை வரவழைத்து, டப்பாக்களை உடைத்து, ஒவ்வொரு காசிலும் வளையம் பற்றவைத்துக் கோத்துவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். சூடு பட்டுவிட்டால், காசு சேகரிப்பவர்கள் அதைச் சீந்தமாட்டார்கள். பிறகு அது வெறும் தங்கம். "தங்கம் தங்கமாத்தானே இருக்கு? நீ சும்மா கெட" என்றாள் சித்தி. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் யார் என்ன பேசுவது? சித்தப்பா லீவு கிடைத்துக் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தார். மாலை அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று சித்தி பீரோ சாவியை இடுப்பைவிட்டு இறக்கவேயில்லை.

தாலி கட்டியானதும் படமெடுக்க அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை பூமாலை மறைத்திருந்த காசுமாலையை அப்போதுதான் பார்த்தார். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து லென்சை எடுத்தார். மகள் கல்யாணத்துக்கு யாராவது லென்சோடு வருவார்களா? குனிந்து ஒவ்வொரு காசாகப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "பாண்டாவ தலகீழா தொங்கவிட்டிருக்கானே, பாவி" என்றார்.

"அப்பா, காசுக்கு மேல ஒரு மூஞ்சி இருக்கு. அதையும் ஒருக்கா பாருங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை.

சித்தப்பா நிமிர்ந்தார். லென்சைக் கண்ணிலிருந்து எடுக்க மறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த மச்சம் எப்பம் வந்துது மக்கா?" என்று கேட்டார்.

"பொறந்தப்பமே உண்டுப்பா" என்றாள்.