சாய்த்துப் பிடித்த கண்ணாடி

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் சொல்லித்தரும் ஒரு கல்லூரியில் அப்போது நான் ஆய்வகப் பணியாளன். அந்த அம்மா இயற்பியல் ஆசிரியை. ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை. யாருடைய வெளிச்சத்தையும் மறைத்து நிற்க மாட்டார். ஜன்னலருகே வந்தால் தானாகவே ஓரமாக நகர்ந்துகொள்வார்.

ஒருநாள் ஒளிக்கற்றையை அளப்பதற்காக அதன் குறுக்கே மீட்டரை வைத்தேன். சுவரில் விழுந்திருந்த வெளிச்சப் பொட்டு காணாமல் போயிற்று.

“அளக்கணும்னா மறைச்சுத்தானே ஆகணும் மேடம்?” என்றேன்.

அவர் மீட்டரைப் பக்கவாட்டில் நகர்த்திவிட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் கற்றையில் சாய்த்துப் பிடித்தார். துளி வெளிச்சம் மீட்டர் பக்கம் திரும்பியது. மீதியெல்லாம் கண்ணாடியைத் தாண்டிப் போய்ச் சுவரில் விழுந்தது.

“கொஞ்சங்கூட எடுக்காம பாக்க முடியாதுங்க. ஆனா துளி எடுத்தா போதும். மிச்சம் அது போற வழியில போவட்டும்.”

சில மாதங்களில் அவருடைய மகள், அப்பாவின் பேச்சை மீறி, விரும்பியவரை மணந்துகொண்டாள். இருவரும் சென்னைக்குக் கிளம்பிய மாலை நானும் ஜங்ஷனில் இருந்தேன். அந்த அம்மா ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீக்கடை முன்னால் நின்றிருந்தார்.

“மேடம், உங்க பொண்ணு அந்தப் பொட்டியில ஒக்காந்திருக்குதுங்க. கூப்புடட்டுமா?”

“வேணாங்க. என்னப் பாத்தா எறங்கிடும்.”

வண்டி நகர்ந்தது. அவர் திரும்பவே இல்லை. அவர் கண்கள் நிலைத்திருந்த இடத்தை அப்போதுதான் கவனித்தேன். பிஸ்கட் அலமாரியின் கண்ணாடியில், மகள் முகம் தெரிந்த ஜன்னல் மெல்லக் கடந்து போய்க்கொண்டிருந்தது.