இறக்கத்தில் ஆடிய கரவன்

மூன்று வருடங்களுக்கு முன், ஈஸ்டர் விடுமுறையின் முதல் நாள் காலை, மெல்பேர்னிலிருந்து லேக்ஸ் என்ட்ரன்ஸ் போகும் வழியில் நடந்தது இது. காரில் நான், மனைவி, பதினொரு வயது மகள். பின்னால் செகண்ட் ஹாண்டில் வாங்கிய கரவன். கட்டிலும் சின்னக் குசினியும் உள்ள, காரில் கொளுவி இழுத்துப் போகும் வீடு அது.

நான் டண்டினொங்கில் ஒரு வெயர்ஹவுஸில், லொறிகளில் சாமான் ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கிறேன். எந்தப் பெட்டி முன்னுக்கு, எது சக்கரச் சில்லுக்கு மேலே என்று பன்னிரண்டு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தது போலிருக்கும்.

லேக்ஸ் என்ட்ரன்ஸில் எங்களோடு இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்து சேர இருந்தன. சமையல் பொறுப்பு எங்களுடையது. அரிசி மூட்டை, பெரிய சட்டிகள், இறைச்சி நிரப்பிய ஐஸ் பெட்டி, தண்ணீர் கான்கள், ஜெனரேட்டர். இந்தப் பாரங்களை முன்னுக்கு வைக்க வேண்டுமென்றால் மடிப்புக் கதிரைகளை எல்லாம் வெளியே எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். அது முந்தின இரவு, வேலை முடிந்து வந்த களைப்பு. எல்லாவற்றையும் பின் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். கடைசியில், பின்பக்கக் கம்பியில் மூன்று சைக்கிள்களையும் கட்டினேன்.

காலையில் மனைவி சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, பின்பக்கம் பதிஞ்சு கிடக்கிற மாதிரி இருக்கு. பாரம் கூடிப்போச்சோ?"

"எனக்கே சாமான் ஏத்தப் படிப்பிக்கிறீரோ? காரில ஏறும், நேரம் போகுது" என்றேன்.

அவள் ஏறினாள்.

பெயர்ன்ஸ்டேல் வரை ஒன்றும் நடக்கவில்லை. லொறிகள் எங்களைக் கடக்கும்போது மட்டும் கரவன் லேசாக ஒரு பக்கம் இழுபட்டுத் திரும்பி வந்தது. காற்றாக்கும் என்று நினைத்தேன். பெயர்ன்ஸ்டேலைத் தாண்டி ஒரு நீண்ட இறக்கம் வந்தது. வேகம் கூடியதை நான் கவனிக்கவில்லை. கண்ணாடியில் கரவனின் பக்கச் சுவர் தெரிந்தது. அடுத்த கணம் மற்றப் பக்கச் சுவர் தெரிந்தது. ஸ்டியரிங் என் கையில் லேசாகிப்போனது. பின்னால் இருப்பது காரை ஆட்டத் தொடங்கிவிட்டது.

"அப்பா, ஸ்லோ டவுன், ப்ளீஸ்" என்றாள் மகள்.

நான் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். அதுதான் நான் செய்த கடைசிப் பிழை. கரவன் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்தது. காரின் இடப்பக்கம், மனைவி இருந்த பக்கம், ஒரு யூகலிப்டஸ் மரத்தில் மோதி நின்றது.

மகளுக்குக் கீறல்கூட இல்லை. மனைவி கண்ணைத் திறந்தபடி இருந்தாள். "பிள்ளை எங்க?" என்று கேட்டாள். பிறகு, "என்ர கையைக் காணேல்லை" என்றாள். கை அவள் மடியில்தான் கிடந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

நாலு நாள் கழித்து, மிஞ்சிய சாமான்களை எடுக்க, கரவனை இழுத்துப்போய் வைத்திருந்த யார்டுக்குத் தனியாகப் போனேன். யார்டின் சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்காரர், மெல்லப் பேசும் ஆள். நான் கேட்காமலே ஒவ்வொன்றாகக் காட்டினார். டயரின் பள்ளக்கோடுகள் தேயாமல் புதிது போலவே இருந்தன, ஆனால் பக்கங்களில் முடி போன்ற வெடிப்புகள். அதில் பொறித்திருந்த தயாரிப்பு வருடத்தை வாசித்தார். அந்த டயர் என் மகளைவிட மூத்தது. காற்றையும் அளந்து பார்த்தார். கார் டயருக்கு அடிக்கும் அளவுதான் நான் அடித்திருந்தேன், கரவனின் பாரத்துக்கு அது காணாது. கரவனைக் கொளுவும் இரும்பு உருண்டை என் காரில் உயரமாக இருந்ததால் கரவனின் மூக்கு மேலே தூக்கியபடி வந்திருக்கிறது. போதாததற்குப் பின்னால் அவ்வளவு பாரம். மூக்கு காரை அழுத்திக்கொண்டு இருந்தால்தான் வால் அடங்கியிருக்கும் என்றார். ஆடத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கரவனின் பிரேக்கை மட்டும் கையால் அமத்தியிருக்க வேண்டுமாம். அந்தப் பிரேக்கின் சுவிட்ச் ஸ்டியரிங்குக்குக் கீழே, என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒருநாளும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் சும்மா பேச்சுக்குக் கேட்டார். கிளீனர் என்று பொய் சொன்னேன்.

மனைவிக்கு இரண்டு ஒப்பரேஷன் நடந்தது. தோளிலிருந்து இறங்கும் நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். இடது கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது, விரல்களில் பிடி இல்லை. அவள் ஒரு சைல்ட்கெயாரில் கைக்குழந்தைகளின் அறையில் வேலை செய்தவள். குழந்தையைத் தூக்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை? ஒருநாள் அங்கிருந்து அவளுடைய கோப்பையையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அந்தப் பையைப் பல நாள் அவிழ்க்கவில்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று ஆஸ்பத்திரியிலேயே காத்திருந்தேன். திட்டவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இல்லை. ஒருநாள் நானாகவே, "நீர் சொன்னனீர், நான் கேக்கேல்லை" என்று தொடங்கினேன்.

"விடுங்கோ. வேணுமெண்டே செய்தனீங்கள்?" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. மகள் இப்போதும் என் காரில் ஏறினால் இறங்கும் வரை வாய் திறப்பதில்லை.

இப்போதெல்லாம் பெற்றோல் ஷெட்டில் பின்பக்கம் தாழ்ந்த கரவன் ஒன்றைக் கண்டால், கிட்டப் போய்ப் பாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பலர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். போன கோடையில் பாக்கென்ஹாமில் ஒருவர் மட்டும் நின்று கேட்டார். டயர்களுக்குக் காற்று அடித்தார், சாமானை இறக்கி முன்னுக்கு மாற்றினார். போகும்போது அவருடைய மனைவி கண்ணாடியை இறக்கி எனக்குக் கை காட்டினாள். நான் காருக்குள் போய் இருந்தேன். கனநேரம் சாவியைத் திருப்ப முடியவில்லை.

தெரியாமல் செய்த பிழை என்றால் ஒருவேளை என்னை நானே மன்னித்திருப்பேன். நன்றாகத் தெரிந்திருந்தும் களைப்பில் விட்டுவிட்டதை என்ன செய்வது என்று இந்த மூன்று வருடத்தில் எனக்குத் தெரியவேயில்லை.