பாட்டுப் போடாத இடம்

வைக்கோல் வாசனையும் சூடேறிய கம்ப்யூட்டரின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் ஒரு மாடி அறை நினைவுக்கு வரும். விருத்தாசலத்தில், பீங்கான் பொம்மைகளை வைக்கோலில் பொதிந்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் ஒரு கடையின் மாடியில்தான் செல்வத்தின் வீடியோ கடை இருந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய, ஜன்னல் இல்லாத அந்த அறையில், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாராகிய நான், காதல் பாட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு வேலை எனக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஏனென்றால் எனக்குக் காதல் பாட்டு ஒன்றுகூட முழுதாகத் தெரியாது. என் அப்பா பங்குக் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடையைக் கடக்கும்போது, ரேடியோவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாட ஆரம்பித்தால், "பொத்துடா காத" என்பார். அவர் பிடித்திருந்த கை போக எனக்கு மிச்சம் ஒரு கைதான். ஆகையால் ஒரு காதைத்தான் பொத்த முடியும். மறு காது வழியாக வந்ததும் கடை தாண்டியதும் நின்றுவிடும். பத்து வயதுக்குள் எத்தனையோ பாட்டுகளின் நடுப்பகுதியை மட்டும் கேட்டிருக்கிறேன். எதற்கும் தொடக்கமோ முடிவோ கிடையாது. பிறகு காதைப் பொத்தச் சொல்ல ஆள் இல்லாதபோதும் கேட்கும் பழக்கம் வரவில்லை. எண்ணும் பழக்கம்தான் வந்தது. வகுப்பில் தலைகளை எண்ணுவேன், பஸ்ஸில் ஆட்களை எண்ணுவேன், காயப்போட்ட துணிகளை எண்ணுவேன். எண்ணி முடித்தால் மனது கொஞ்சம் அடங்கும்.

எங்களுக்கு ஒரே பெண், ஜெசிந்தா. செராமிக் டிப்ளமா படித்துவிட்டு, பியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அருள், பெண்ணாடத்துக்காரர், குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு மாத லீவில் வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாக வேண்டும், லீவு ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் நான் ஜெசிந்தாவிடம் சம்மதம் கேட்டபோது அவள் குழாயடியில் எனக்கு முதுகைக் காட்டியபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "உங்க இஷ்டம்பா" என்றாள். முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. லீவு முடிந்து மாப்பிள்ளை விமானம் ஏறினார். விசா வரும்வரை பெண் எங்களோடு இருப்பது என்று பேச்சு. வீடியோவின் முதல் பிரதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம், அப்படியே போனது. நான்காம் நாள் காலையில் சம்பந்தியம்மா தனியாகப் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஜெசிந்தா வேலைக்குப் போயிருந்தாள். என் மனைவி பிலோமினா கொடுத்த காபியை அவர் தொடவில்லை.

"சம்மந்தி, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. ஒங்க பொண்ணு இஷ்டப்பட்டுத்தான் கட்டிக்கிச்சா?"

அவரே தொடர்ந்தார்.

"பீடத்துக்கு முன்னாடி, தாலி ஏறுன கையோட, அப்படி ஒரு அழுவ அழுவுது. தோளு ரெண்டும் குலுங்குது. தெருவே எங்க வூட்டுல ஒக்காந்து பார்த்துச்சு. ஒருத்தி கேக்குறா, பொண்ணுக்கு வேற எங்கனா மனசு இருந்துச்சான்னு. நான் என்னா பதில் சொல்றது?"

"பொறந்த வீட்டை விட்டுப் போறோமேன்னு…" என்று இழுத்தாள் பிலோமினா.

"அந்த அழுவய கார் ஏறும்போது இல்ல அழுவணும்? அப்ப சிரிச்சிக்கிட்டே கை காட்டுச்சு. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க தெருப் புள்ள ஒருத்தன் வெள்ளிக்கெழம குவைத்து போறான். அவன்கிட்ட இந்த சி.டி.ய குடுத்து உடச் சொல்லி அருளு தெனம் போன் பண்றான். இதைப் பார்த்துட்டு அவன் அங்க ஒண்டியா கெடந்து என்னா நெனப்பான்? குடுக்கட்டுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க. அவன்கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல."

அவர் போனபின் எங்கள் பிரதியைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். தாலி கட்டியாயிற்று, மோதிரம் மாற்றியாயிற்று, காணிக்கை எடுக்கும் நேரம். பீடத்துக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஜெசிந்தா சட்டென்று தலையைக் குனிகிறாள், முக்காட்டுத் துணி முகத்தை மறைக்கிறது, கைக்குட்டையை வாயில் அழுத்துகிறாள், தோள்கள் குலுங்குகின்றன. பின்னணியில் ஒரு பெண் குரல், தாய் வீட்டை விட்டுப் போகும் துயரத்தை நெஞ்சு பிளக்கப் பாடுகிறது. முதல் தடவை எல்லோருமாகப் பார்த்தபோது இந்த இடத்தில்தான் ஜெசிந்தா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

"நேரா கேளுங்களேன் அவள" என்றாள் பிலோமினா. கேட்டிருக்கலாம்தான். ஆனால், ஆமாம் அழுதேன், எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டால் பிறகு என்ன செய்வது? மாமியார் வந்துபோனதையும் அவளிடம் சொல்லக் கூடாது என்று பிலோமினாவிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவைத்தேன். சாயங்காலம் ஜெசிந்தா வந்ததும் வேறு வழியாகச் சுற்றி வந்தேன்.

"பாட்டெல்லாம் கொஞ்சம் மாத்தச் சொல்லலாம்னு இருக்கேன். உனக்கு எது வேணும்?"

"எதையாவது போடுங்கப்பா."

"கோயில்ல, நீ தலையைக் குனிஞ்சிருக்கியே, அந்த எடத்துல?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். முகம் சிவந்தது. "அது இருந்தா என்னா, இல்லன்னா என்னா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் செல்வத்தின் கடைக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் சிரித்தான்.

"எல்லாக் கல்யாணத்துலயும் ஒரு அழுவ சீன் வேணும் சார். இல்லன்னா பொம்பளைங்க சி.டி.ய திருப்பிக் குடுத்துடுவாங்க. ஒங்க பொண்ணு கார் ஏறுறப்ப சிரிச்சிடுச்சு. நான் எங்க போறது? இந்த எடம் கெடச்சிது, போட்டுட்டேன்."

"எடுத்துடு. காதல் பாட்டாப் போடு."

"பதினாறு வச்சிருக்கேன் சார். இந்தப் பக்கம் எந்தக் கல்யாணமா இருந்தாலும் இந்தப் பதினாறுதான். நம்பரு சொல்லுங்க, போதும்."

ஒவ்வொன்றாகப் போட்டான். வாழ்க்கையில் முதல்முறையாகக் காதல் பாட்டுகளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டேன். எதிலோ மழை பெய்தது, எதிலோ நிலா வந்தது. என் காதில் சம்பந்தியம்மாவின் கேள்விதான் ஒலித்துக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பர் புல்லாங்குழலில் ஆரம்பித்தது. அதை அந்த இடத்தில் பொருத்தி ஓட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே தலை, அதே கைக்குட்டை, அதே குலுங்கும் தோள்கள்; ஆனால் இப்போது அவள் அழவில்லை, வெட்கப்படுகிறாள்!

"பார்த்தீங்களா சார்? சோலி முடிஞ்சிது" என்றான் செல்வம்.

எனக்கு முடியவில்லை. எட்டும் மூன்றும் பதினொன்று என்பது பக்கத்தில் எந்தப் பாட்டு ஓடினாலும் மாறாது. இங்கே பாட்டு மாறினால் என் மகளே மாறிவிடுகிறாளே. சம்பந்தியம்மாவை நம்பவைத்துவிடலாம், மாப்பிள்ளையையும் நம்பவைத்துவிடலாம்; குழாயடியில் முதுகைக் காட்டி நின்றவளின் முகம் எனக்கு எப்படித் தெரியும்?

"பாட்டே இல்லாம ஓட்டு" என்றேன்.

"அதுல ஒண்ணும் இருக்காது சார். இருமலு, கொழந்த அழுவுறது, மைக்கு இரைச்சலு. லைவ் சவுண்ட மொதல்லயே எறக்கிடுவோம், கேக்கக்கூட மாட்டோம். டேப்புல இருக்குது, தேடணும்."

தேடினான். டேப்பைக் கண்டுபிடித்து, ஓடவிட்டு, அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது கரண்டு போய்விட்டது. பட்டப்பகலில் கும்மிருட்டான அந்த அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கீழே யாரோ பீங்கான் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் சத்தம் மட்டும் மேலே வந்தது. நான் அதை எண்ணினேன். நாற்பதைத் தாண்டியபோது விளக்கு எரிந்தது.

முதலில் பாடகர் குழுவின் பாட்டு, எங்கோ தூரத்தில் கேட்பதுபோல. அதற்குமேல், காதுக்குள் பேசுவதுபோல ஒரு ஆண் குரல்.

"அடக் கடவுளே" என்றான் செல்வம். "வாக்குறுதி சொல்றதுக்காக மாப்ள கோட்டுல காலர் மைக்கு குத்துனேன் சார். கழட்ட மறந்துட்டேன்."

அது அருளின் குரல். "ஒங்கப்பா மறுபடியும் கெளம்பிட்டாரு. கடைசி பெஞ்சிலேருந்து வராரு பாரு."

"சும்மா இருங்க." இது ஜெசிந்தா.

"ஒதடு அசையுது பாரு. பாக்குறவங்க மாமா ஜெபமால சொல்றாருன்னு நெனச்சிக்குவாங்க. ஐயோ, வெரலு நம்ம பக்கம் வந்துடுச்சு. நம்மளையும் எண்ணிட்டாரு."

"பிரியாணிக்கு ஆளு எண்ணுறாரு. ஆனா கணக்குல ஒண்ணு கொறையும் பாருங்க. எப்பவும் கொறையும். எங்கப்பா தன்ன மட்டும் எண்ணிக்க மாட்டாரு."

"அப்ப மாமாவுக்கு எல?"

"கெடையாது."

"சரி, ஒன் பங்குல பாதி குடு. எனக்கு இப்பவே பசிக்குது."

பிறகு ஒரு சத்தம். மூக்கு வழியாகவும் கைக்குட்டை வழியாகவும் பிதுங்கி வந்த, அடக்க முடியாத, என் மகளின் சிரிப்பு. குக்கரில் வெயிட்டைத் தூக்கியதுபோல ஒருதரம் வெளியே தெறித்து, மறுபடி அமுங்கி, மறுபடி தெறித்தது. அவள் ஏன் அடுப்படிக்கு ஓடினாள், ஏன் கதவைச் சாத்தினாள் என்பதெல்லாம் எனக்குப் புரிந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன் என்று அப்பாவிடமே எப்படிச் சொல்வாள்?

செல்வம் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஏழாம் நம்பரே போட்டுடலாம் சார். இது வெளிய போனா ஊரே சிரிக்கும்" என்றான். இந்த ஊரில் பாதிப்பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"அந்த எடத்துல பாட்டே போடாத. அப்படியே வை. மத்த எடத்துக்கெல்லாம் உன் இஷ்டம்."

வியாழக்கிழமை நானும் பிலோமினாவும் புது சி.டி.யோடு பெண்ணாடம் போனோம். பஸ்ஸில் ஒரு புதிய பயம் பிடித்துக்கொண்டது. திவ்விய பூசையில் சிரிப்பதாவது! அந்த அம்மா தினப்பூசைக்குப் போகிறவர். அழுகையைவிட இது பெரிய குற்றமாகிவிட்டால்? சி.டி.யைப் போட்டுவிட்டு அவர் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். மகனின் குரல் கேட்டதும் அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சிரிப்புச் சத்தம் வந்தது. முடிந்தது. "இன்னொருவாட்டி போடுங்க" என்றார். மறுபடியும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கோயில்ல சிரிச்சதுக்கு ரெண்டு பேரையும் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்லணும்" என்றார். அதற்குள் அவருடைய தோள்களும் குலுங்க ஆரம்பித்துவிட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆமா, நீங்க அன்னைக்குச் சாப்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு இலை குறைகிறதே என்று பந்திக்கும் சமையற்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன், நான் சாப்பிடவில்லை. அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் என் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து தட்டு எடுத்துவரப் போனார்.

செல்வத்தின் கடை இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். எந்த வீட்டிலும் சி.டி. ஓட்டும் பெட்டி இல்லை. எங்கள் பிரதி வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பீரோவில் கிடக்கிறது. கல்யாணப் பாட்டுகளைப் பெண்ணும் பிள்ளையுமே போனில் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள், அப்பாக்களை யாரும் கேட்பதில்லை. ஜெசிந்தா குவைத்தில் இருக்கிறாள். பிலோமினா இறந்து ஆறு வருடமாகிறது. ராத்திரி தட்டு எடுத்து வைக்கும்போது பழைய பழக்கத்தில் விரல் எண்ணத் தொடங்கும். என்னை விட்டுவிட்டு எண்ண இப்போது வழியில்லை. விட்டால் எண்ணிக்கையே இருக்காது.