காது திறந்த நாள்

சாம்பியன் எண்டு என்னைச் சொல்லாதேங்கோ, எரிச்சல் வருது. இலங்கையில பலகையில இருந்து தண்ணிக்குள்ள பாயிற பெண்களை விரல் விட்டு எண்ணலாம். அதில ரெண்டு தரம் முதலாவதா வந்தன். எங்கட ஊர் உடப்புக்கு அது போதும். பந்தல் கட்டி மாலை போட்டினம்.

பாயப் பழகினது அப்பாவின்ர வள்ளத்தில இருந்து. அவர் மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்க் கடலட்டை பிடிக்கிற சுழியோடி. அவர் அமைதியா இறங்குவார், நான் குத்துக்கரணம் அடிச்சு விழுவன். "உனக்கென்ன குரங்குப் புத்தியோ?" எண்டு ஏசுவார். பிறகு பக்கத்து வள்ளக்காரருக்கு என்னைக் காட்டிப் பெருமைப்படுவார்.

ஒருக்கா வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்தினம். அதுக்குப் போறதுதான் என்ர முழு ஆசையும். தெரிவுக்கு முதல் அம்மன் கோயில் தீமிதிப்புக்கெண்டு வீட்டுக்கு வந்தனான். தடிமன் பிடிச்சு மூக்கடைப்பு வேற. சும்மா இருக்கேலாமல் அப்பாவோட கடலுக்குப் போனன். ஆழத்தில இடது காதுக்குள்ள ஏதோ 'டப்' எண்டு வெடிச்சுது. மேல வந்து பாத்தால் கழுத்தில ரத்தம்.

அப்பா சிரிச்சார். உண்மையாச் சந்தோசப்பட்டார். அட்டைக்குப் போற ஆக்களுக்குக் காது உடையிறது நல்ல காரியம். அதுக்குப் பிறகு எவ்வளவு ஆழம் போனாலும் நோகாதாம். "உனக்குக் காது திறந்திட்டுது பிள்ளை. ஆசுபத்திரி ஏன்?" எண்டு, தேங்காய் எண்ணெயில உள்ளிப்பூடு போட்டுக் காய்ச்சி ஊத்தினார். நானும் நம்பினன். அவரை நம்பாமல் வேற ஆரை நம்புறது?

உள்ளுக்குச் சீழ் கட்டினது எங்களுக்குத் தெரியேல்லை. தெரிவு நாளில பலகையில இருந்து கிளம்பி, நடுவில சுழலேக்க, எது வானம் எது தண்ணி எண்டு விளங்கேல்லை. முதுகடிபட விழுந்தன். "காதுக்குள்ள பழுதாப் போச்சு, இடது காது இனிக் கேக்காது, தலைச்சுத்தும் போகாது, இனிப் பாயேலாது" எண்டார் டொக்டர். ஐயோ, அதோட எல்லாம் முடிஞ்சுது.

இப்ப முந்தலில ஒரு இறால் பண்ணையில தீன் போடுறன். தண்ணி முழங்காலுக்கு மேல வராது.

வீட்டில நான் சொன்னது விழுந்ததில இடுப்பு, நாரி அடிபட்டது எண்டு மட்டும்தான். காதைப் பற்றி அப்பாவிட்ட ஒரு கதையும் இல்லை, மனிசன் தாங்கமாட்டார். பின்னேரத்தில கதிரையை இழுத்துக்கொண்டு வந்து இருப்பார். "நாரி சுகமானாப் பாயலாம்தானே பிள்ளை?"

"ஓம் அப்பா" எண்டுவன்.

அந்தக் கதிரையை அவர் எப்பவும் என்ர வலது பக்கத்திலதான் போடுறார்.